முதல் இணையதளம் போடும் சிறிய அறக்கட்டளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டித் தரும் சிறிய அறக்கட்டளைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது, அப்பா அம்மா நினைவாக நடத்துவது, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் பென்ஷனிலிருந்து போட்டு நடத்துவது என்று பல வகை. அப்படி ஒன்றில் நானும் அறங்காவலர். எங்களுக்கும், பிறகு பக்கத்து ஊர்களில் சிலருக்கும் இணையதளம் அமைக்கும் வேலையில் கூட இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருஷத்துக்கு முப்பது நாற்பது பிள்ளைகளுக்குத்தான் உதவுகிறோம். அதற்கு ஒரு இணையதளம் வேண்டுமா?

வேண்டும். இப்போது உங்களைத் தேடி யார் வருகிறார்கள் என்று பாருங்கள். அறங்காவலர் தெருவில் இருப்பவர், கணக்கு எழுதுபவரின் மச்சான் மகள், தலைமையாசிரியர் கடிதம் கொடுத்து அனுப்பிய பையன். எல்லோருமே தேவை உள்ளவர்கள்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் உங்களைத் தெரிந்த ஒருவரைத் தெரியும். யாரையும் தெரியாத பிள்ளை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. கல்லூரியில் இடம் கிடைத்த ராத்திரி, கட்டணத்துக்கு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளை போனில் தேடும்போது நீங்கள் கண்ணில் பட வேண்டும். தளம் அந்தப் பிள்ளைக்காக. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே அதிலிருந்து வருவதுதான்.

முதலில் எந்தப் பக்கத்தை எழுதுவது?

'யாருக்குக் கிடைக்கும்' என்ற பக்கத்தை. தளம் செய்து தருபவரைப் பார்ப்பதற்கு முன்பே, அறங்காவலர்கள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவிட வேண்டும். எங்களுக்கு இதற்கு மூன்று கூட்டம் ஆனது. எழுத உட்கார்ந்த பிறகுதான், பல வருடமாகச் சேர்ந்து உதவி செய்த எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று தெரிந்தது. ஒருவர் மார்க் முக்கியம் என்றார். ஒருவர் அப்பா இல்லாத பிள்ளைக்கு முதலில் என்றார். பாலிடெக்னிக் சேர்த்தியா, நர்சிங் சேர்த்தியா என்று அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

'ஏழ்மை நிலையில் உள்ள தகுதியான மாணவ, மாணவியருக்கு உதவித்தொகை வழங்கப்படும்' என்ற வரியைப் பல தளங்களில் பார்த்திருப்பீர்கள். தான் தகுதியானவளா என்று படிக்கிற பிள்ளைக்கு இதிலிருந்து எப்படித் தெரியும்? இப்படி எழுதிப் பாருங்கள்:

'தென்காசி மாவட்டத்தில் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிளஸ் டூ முடித்து, இந்த ஆண்டு கல்லூரியில் முதலாண்டு சேர்பவர்கள் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மதிப்பெண் வரம்பு இல்லை. ஒருவருக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் நேரடியாகக் கட்டுவோம், கையில் தருவதில்லை. இந்த ஆண்டு 30 பேருக்குத் தர முடியும்.'

ஊரும் தொகையும் உங்களுடையதாக இருக்கட்டும். எல்லா விவரமும் இந்த அளவுக்குத் திட்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 30 பேர் என்று வெளியே சொல்லத் தயங்குவார்கள். சொல்லுங்கள். இடம் குறைவு என்று தெரிந்தால் பிள்ளை வேறு இடத்திலும் முயற்சி செய்யும்.

அதற்குக் கீழேயே 'யாருக்குத் தர முடியாது' என்று ஒரு பகுதி வையுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்கள், முதுகலை, மருத்துவச் செலவு என்று எதற்கெல்லாம் நீங்கள் தருவதில்லையோ அதையெல்லாம் எழுதிவிடுங்கள். படிக்கக் கடுமையாகத் தெரியலாம். ஆனால் கிடைக்காது என்று இரண்டு நிமிடத்தில் தெரிவதும், சான்றிதழ்களுக்கு அலைந்து, பஸ் ஏறி வந்து, ஒரு மாதம் காத்திருந்த பிறகு தெரிவதும் ஒன்றல்ல.

அரசு உதவி வாங்கும் மாணவர்கள் விண்ணப்பிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தளத்தில் என்ன எழுதுவது?

உங்கள் முடிவு எதுவானாலும், திட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதுங்கள். 'பிற உதவிகள் பெறுவோர் விண்ணப்பிக்க இயலாது' என்று பொதுவாக எழுதினால், மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டத்தில் இருக்கிற பெண்பிள்ளை, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இருக்கிற பையன், முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை பெற்றவர் எல்லோரும் தங்களுக்கு இல்லை என்று திரும்பிப் போய்விடுவார்கள். உங்கள் எண்ணம் அதுவாக இருக்காது.

இதையும் யோசியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைக்கு நீங்கள் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் லேப்டாப், ஊருக்குப் போய்வரும் செலவு, இரண்டு செட் நல்ல துணி என்று வேறு தேவை இருக்கும். அதற்குத் தருவீர்களா, மாட்டீர்களா? தளத்தில் ஒரே வரியில் இருந்தால் போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் எங்களுக்கு முன்பு ஏகப்பட்ட போன் வரும்.

முகப்பில் நிறுவனர் படமும் வரலாறும் வேண்டாமா?

'எங்களைப் பற்றி' பக்கத்தில் நன்றாகப் போடுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். முகப்பில் மட்டும் வேண்டாம். போனில் தளத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமலே மூன்று விஷயம் தெரிய வேண்டும்: விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறதா, கடைசித் தேதி என்ன, யார் விண்ணப்பிக்கலாம். மூடியிருந்தால் 'அடுத்த விண்ணப்பம் மே மாதம்' என்று இருக்கட்டும். படங்கள் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டை வேண்டவே வேண்டாம். டேட்டாவைத் தின்னும், யாரும் நின்று பார்ப்பதில்லை.

மொத்தம் எத்தனை பக்கம்?

ஐந்து போதும். முகப்பு, யாருக்குக் கிடைக்கும், விண்ணப்பம், எங்களைப் பற்றி, தொடர்புக்கு.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில் தொடங்குங்கள். நன்கொடையாளர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முழுத் தளத்தையும் ஆங்கிலத்தில் எழுதி, எந்திர மொழிபெயர்ப்புப் பொத்தான் ஒன்றை ஓரத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். படிக்க வேண்டியது அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதன் அம்மாவும்தான்.

தமிழ்த் தளத்தில் வரும் சிக்கல்கள் சில உண்டு. உங்கள் பழைய நோட்டீஸ் பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், அதை அப்படியே எடுத்து ஒட்டினால் தளத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு (எல்லாப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றிவிட்டு, ஒரு முறை முழுக்கப் படித்துத் திருத்த வேண்டும். அந்த நோட்டீஸையே படமாக்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகக் கண்டுபிடிக்காது, பார்வையற்ற மாணவரின் போன் வாசித்துக் காட்டாது, சின்னத் திரையில் கண்ணுக்கே எட்டாது.

அப்புறம் பொத்தான்கள். தளம் செய்பவர்கள் ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துச் சொல்லுக்கு ஏற்ப சிறிய பெட்டி போட்டு வைத்திருப்பார்கள். 'விண்ணப்பிக்க இங்கே தொடவும்' என்று அதில் எழுதினால் பாதி வெளியே வழியும், அல்லது சொல் நடுவில் உடையும். தொடக்கத்திலேயே தமிழ் வாசகத்தைக் கொடுத்துத்தான் வடிவமைக்கச் சொல்ல வேண்டும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும், ஒரு வரியின் உயரம் எழுத்தின் அளவைப் போல 1.6 மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் மேல்வரியின் 'கு', 'மூ' கீழே இறங்கி, கீழ்வரியின் 'கீ', 'தீ' மேலே ஏறி முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. எழுத்துரு தேடினால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கவும் சொல்லுங்கள். வாசித்துக் காட்டும் செயலி தமிழ்க் குரலுக்கு மாற அது வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கூகுள் ஃபார்ம் போதுமா?

முதல் வருடத்துக்குப் போதும். ஆனால் கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்தீர்களானால், விண்ணப்பிப்பவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும் என்று அது கேட்கும். இதன் விளைவை நாங்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். கிராமத்துப் பிள்ளைகள் பலர் பிரவுசிங் சென்டரில்தான் படிவம் போடுகிறார்கள். அங்கே கம்ப்யூட்டரில் கடைக்காரரின் ஜிமெயில் எப்போதும் திறந்திருக்கும். எங்கள் படிவம் மின்னஞ்சல் முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி இருந்தது. ஒரே கடையிலிருந்து விண்ணப்பித்த நாலு பேருக்கும் ஒரே முகவரி பதிவாகி, நேர்காணல் தேதி சொல்லி நாங்கள் அனுப்பிய மெயில் நாலும் கடைக்காரருக்குப் போய்விட்டன. குறித்த நாளில் நாலு பேரும் வரவில்லை. நல்லவேளை, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போன் செய்து பார்த்தோம். அதில் ஒரு பெண் 'எனக்கு ஒன்றும் வரவில்லையே சார்' என்று அழுதேவிட்டாள்.

அதனால் இப்போது நாங்கள் படிவத்தில் எழுத்து விவரம் மட்டும் வாங்குகிறோம். பெயர், ஊர், பள்ளி, சேர்ந்த கல்லூரி, கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், எங்களுக்குச் சொல்ல விரும்புவது என்ன. போன் எண் இரண்டு கேட்கிறோம், ஒன்று வீட்டில் வேறொருவருடையது. ரீசார்ஜ் முடிந்து ஒரு எண் அணைந்திருந்தாலும் இன்னொன்று கிடைக்கும். சான்றிதழ்களை முதல் சுற்றில் தேர்வானவர்களிடம் மட்டும் கேட்கிறோம்.

எப்படியும் கோப்பு ஏற்ற வைக்கத்தான் வேண்டும் என்றால், அளவு வரம்பை 10 எம்பி வரை வையுங்கள். போனில் எடுக்கும் ஒரு படமே 4, 5 எம்பி வரும். 200 கேபிக்குள் வேண்டும் என்று கேட்டால், அதைச் சுருக்க மறுபடியும் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். காகித விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரே பக்கத்தில் அச்செடுக்கும்படி வைத்து, தபாலில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்னென்ன சான்றிதழ் கேட்கலாம்?

எதை வைத்து முடிவெடுக்கிறீர்களோ அதை மட்டும். சாதிச் சான்றிதழ் உங்கள் தேர்வில் எங்கும் வரவில்லையென்றால் அதைக் கேட்கக் கூடாது. வருமானச் சான்றிதழ் கேட்பது நியாயம்தான். ஆனால் அது இ-சேவையில் மனுப் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று நகர்ந்து வர வேண்டியது. கல்லூரி சேரும் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மனுப் போடுவார்கள். 'இன்னும் வரவில்லையென்றால் மனு எண்ணை எழுதுங்கள், சான்றிதழைப் பிறகு தரலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதி.

ஆதார் நகல் பெரும்பாலும் தேவையில்லை. அடையாளத்துக்கு வேண்டுமென்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிளஸ் டூ முடிக்கும்போது பலருக்கு 17 வயதுதான். ஆகவே பெற்றோர் ஒப்புதலுக்குப் படிவத்தில் இடம் வையுங்கள், தேர்வாகாதவர்களின் விவரங்களை எப்போது அழிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். எழுதியபடி அழித்தும் விடுங்கள்.

எந்த மாதம் வெளியிடலாம்?

ஏப்ரலுக்குள். பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்துவிடும். கலை அறிவியல் கல்லூரிகளில் உடனே சேர்க்கை தொடங்கும், சில நாளில் பணம் கட்டச் சொல்வார்கள். பொறியியல் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான். ஜூலையில் தளம் வந்தால், உங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட பிள்ளை அதற்குள் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கும், அல்லது சேராமலே வேலைக்குப் போயிருக்கும்.

கிடைக்காதவர்களுக்கு என்ன சொல்வது?

கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும், குறித்த தேதிக்குள். 'தேர்வானவர்களுக்கு மட்டும் தெரிவிக்கப்படும்' என்பது நம்மூரில் பழகிப்போன வரி. அதை உங்கள் தளத்தில் எழுதாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் இதுவாக இருக்குமோ என்று எடுப்பார்கள். முடிவு தெரியும் தேதியைத் தளத்தில் போட்டு, அன்றைக்கு எல்லோருக்கும் தகவல் அனுப்புங்கள். எஸ்எம்எஸ் என்றால், தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துகள்தான், அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 70-க்கு மேல் போனால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். 'இந்த ஆண்டு எங்களால் உதவ முடியவில்லை. மன்னிக்கவும்' என்பது அதற்குள் அடங்கும்.

உதவி வாங்கிய மாணவர்கள் படத்தைப் போடலாமா?

பெரிய அட்டைக் காசோலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, நடுவில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளையின் படம் வேண்டாம். அந்தப் படம் இணையத்தில் பல வருடம் இருக்கும். அவளுடன் படிப்பவர்கள் பார்ப்பார்கள், நாளைக்கு வேலை கொடுப்பவர் பார்ப்பார். படிப்பு முடித்து வேலைக்குப் போனவர்களில் யாராவது தாமாக முன்வந்து, 'என் படத்தையும் கதையையும் போடுங்கள்' என்றால் மகிழ்ச்சியாகப் போடலாம். நன்கொடையாளர்களுக்கு எதைக் காட்டுவது என்று கேட்பீர்கள். 'இந்த ஆண்டு 31 பேருக்குக் கட்டணம் கட்டினோம், அதில் 12 பேர் நர்சிங், 3 பேர் சட்டம்' என்ற மாதிரி உங்கள் கணக்கைக் காட்டுங்கள். ஆண்டுக் கணக்கறிக்கையையும் அதே இடத்தில் போடுங்கள்.

நன்கொடைப் பொத்தான் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வெறும் க்யூஆர் குறியை மட்டும் மாட்டிவிட்டால் பிறகு சிரமம். 80ஜி என்று நாம் சொல்லும் வரிச்சலுகைக்குக் கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் எண் வேண்டும். உங்கள் ரசீது மட்டும் போதாது. வருமான வரித் துறையிடம் நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்து, அங்கிருந்து கிடைக்கும் சான்றிதழைத் தர வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் கிடையாது. இதையெல்லாம் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் பழைய வகுப்புத் தோழர் அனுப்பினால், அவர் நம்மூர்க்காரரே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் பணம் வர வேண்டும். ஆகவே 'இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்' என்ற வரியும், அதை உறுதி செய்யும் ஒரு கட்டமும் கட்டாயம்.

டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, யார் பெயரில் வாங்குவது?

அறக்கட்டளை பெயரில், அறக்கட்டளையின் மின்னஞ்சலில். எனக்குத் தெரிந்த ஒரு அறக்கட்டளைக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் அன்பாக வாங்கிக் கொடுத்தான், தன் சொந்த மெயிலில். வேலை கிடைத்து வெளிநாடு போனவன் அந்த மெயிலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களை யாரும் பார்க்கவில்லை. பெயர் கைமாறி, கொஞ்ச நாளில் அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்தது. அந்த முகவரி பள்ளிகளில் ஒட்டிய நோட்டீஸ்களில் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு பள்ளியாகப் போய் அவர்கள் கிழித்துவிட்டு வந்தார்கள். ஐந்து வருடத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டுங்கள், கடவுச்சொல் இரண்டு அறங்காவலர்களிடமாவது இருக்கட்டும்.

போலிகளைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா?

'விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள்' என்று எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருக்கட்டும். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் போடுங்கள்.

தளம் தயார். திறப்பதற்கு முன் கடைசியாக என்ன பார்ப்பது?

பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் வீட்டுப் போனிலேயே தளத்தைத் திறந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே நிற்கிறது, எதை இரண்டாம் முறை படிக்கிறது என்று மட்டும் பாருங்கள். எங்களுக்கு உதவிய பெண் எல்லாவற்றையும் நிரப்பி முடித்துவிட்டு, 'சமர்ப்பி' என்று இருந்த கடைசிப் பொத்தானில் விரல் வைக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். 'சமர்ப்பின்னா அனுப்புறதா சார்? அழுத்தினா போயிடுமா, இன்னொரு தடவை பார்க்கலாமா?' என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அந்தப் பொத்தானை 'அனுப்பு' என்று மாற்றி, அதற்கு மேலே 'ஒரு முறை சரிபார்' என்று இன்னொன்றையும் வைத்தோம்.